எம்டன் தலைவர் முல்லர்

தமிழ்நாட்டில் ஒருவனை எம்டன் என்றால், எதற்கும் அஞ்சாதவன், எவரையும் ஏய்க்க வல்லவன் என்று பொருள் கொள்ளுகிறோம். இது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் என்பதைப் பலர் அறிவர். அக்கப்பலை நடத்தியவரின் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே. கார்ல் வான் முல்லர் என்ற அம்மனிதரோ அதிகம் பேசாதவர்; கூச்ச சுபாவமுள்ளவர்.

1873-ஆம் வருஷம் ஜூன் 16-ந் தேதி ஹானோவரில், ஒரு ராணுவ அதிகாரியின் புதல்வராகப் பிறந்தார். 1891-இல் கடற்படையில் சேர்ந்தார். கிழக்காப்பிரிக்கக் கரையில் ஊழியம் செய்த நாளில் பற்றிய மலேரியா ஆயுள் முழுவதும் அவரை விடவில்லை. 1913-இல் எம்டனின் தலைமை அவருக்குக் கிடைத்தது.

1914 ஆகஸ்டில் யுத்தம் மூண்டதும், கீழ்த்திசையிலிருந்த ஜெர்மன் கப்பற்படையைத் தளபதி ஸ்பே தென்னமெரிக்காவை நோக்கிச் செலுத்த எண்ணினார். பாகன் தீவில் நடந்த ஆலோசனையில் முல்லர் வேறொரு யோசனை கூறினார். ஒரு கப்பலேனும் இந்து மகா சமுத்திரத்தில் புகுந்து பிரிட்டிஷ் வர்த்தகத்தைத் தாக்க வேண்டும் என்பதே அது. வங்கக் கடலில் நிலக்கரி தரக்கூடிய நட்புத் துறைமுகம் ஒன்றுமில்லை. பிடிபடும் கப்பல்களின் கரியைக் கொண்டே பிழைக்க வேண்டும். ஸ்பே சம்மதித்தார். பிரிட்டிஷ் கப்பலெனத் தோன்றுவதற்காகப் பொய்யான நான்காவது புகைபோக்கியொன்றை நிறுத்திக்கொண்டு எம்டன் தனித்துப் புறப்பட்டது.

செப்டம்பர் 10-ந் தேதி முதல் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிக்கின. சுமார் இரண்டு மாதத்தில் இருபதுக்கு மேற்பட்ட வர்த்தகக் கப்பல்கள் பிடிபட்டன. அவற்றில் பல மூழ்கடிக்கப்பட்டன. மாலுமிகளை முதலில் பத்திரமாக வெளியேற்றிய பிறகே முல்லர் கப்பலை அழிப்பார். கபிங்கா என்ற கப்பலில் நடுநிலை நாட்டாரின் சரக்கும், கப்பல் தலைவரின் மனைவியும் இருக்கக் கண்டு, அதை மூழ்கடிக்காமல், பிடிபட்டவர்களை ஏற்றி அனுப்பிவிட்டார். இதனால் எதிரிகளின் பத்திரிகைகளே அவரைப் புகழ்ந்தன. பிரிட்டன், பிரான்ஸ், ருஷ்யா, ஜப்பான் ஆகிய நான்கு நாடுகளின் கப்பல்கள் அவரைத் தேடி அலைந்துகொண்டிருந்தன.

செப்டம்பர் 22-ந் தேதி இரவு சுமார் ஒன்பதரை மணிக்கு எம்டன் சென்னைக்கெதிரே வந்து நின்றது. யுத்த காலமென்பதையே மறந்தவர்கள் போல் அதிகாரிகள் துறைமுகத்தில் விளக்குகளை எரியவிட்டிருந்தனர். ஏறக்குறைய 130 குண்டுகள் பாய்ந்தன. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. குண்டொன்று ஹைகோர்ட்டின் கிழக்கு மதிலைத் தாக்கியது. அவ்விடத்தில் பின்னர் கல்லொன்று பதிக்கப்பட்டது. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் ஜனங்களைப் பற்றிய பீதி அவ்வளவில் அடங்கவில்லை. ரயிலேறியும் நடந்தும் ஆயிரக்கணக்கானோர் நகரை விட்டு ஓடினர். எண்ணெயை எரிப்பதைவிட, பிரிட்டிஷ் வல்லமையில் இந்தியருக்கிருந்த நம்பிக்கையை அசைப்பதே முல்லரின் நோக்கம். அதில் அவர் வெற்றி பெற்றார் என்பதை மறுப்பதற்கில்லை.

எனினும் அன்றிரவு குறைந்தது ஐவர் மாண்டனர். ஏகாதிபத்தியத்திற்கு நேர்ந்த அவமானத்தைக் கண்டு மகிழ்பவர்கள் இந்த ஐவரைக் குறிப்பிடுவதே இல்லை. முல்லரின் பெருந்தன்மையைப் போற்றும் நாமும், நடுக்கடலில் அவர் காத்த விரதம் சென்னையில் தவறியது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்தார் என்னும் கதையும் வெகுகாலமாக வழங்குகிறது. அந்நாட்களில் அவர் ஐரோப்பாவில் இருந்தார். அவருடைய தேசபக்திக்கு இக்கதையின் துணை வேண்டுவதில்லை.

அக்டோபரில் முல்லர் டீகோ கார்ஷியா தீவை அடைந்தபோது, அங்கிருந்தோர் யுத்தம் மூண்டதையே அறியாதிருந்தனர்! அம்மாதம் 28-ந் தேதி விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்தில் நுழைந்து, தலைவர் கரையில் தங்கியிருந்த ஷெம்சுக் என்ற ருஷ்யக் கப்பலை மூழ்கடித்தார். திரும்புகையில் எதிர்ப்பட்ட மூஸ்கே என்ற பிரெஞ்சு நாசகாரிக் கப்பலையும் முடித்து, நீரில் தத்தளித்த அதன் வீரர்களைத் தூக்கி எடுத்தார்.

நவம்பர் 9-ந் தேதி கொக்கோஸ் தீவுகளின் தந்தி நிலையத்தை அழிக்கச் சென்றதே முடிவாயிற்று. நிலையத்தார் முன்னதாகவே எச்சரிக்கை அனுப்பிவிட்டனர். படைவீரர்களை ஏற்றிவந்த கப்பற் கூட்டத்திற்குக் காவலாக அருகில் சென்றுகொண்டிருந்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி விரைந்து வந்தது. அதன் பீரங்கிகள் பெரியவை, எட்டும் தூரமும் அதிகம். இரண்டு மணி நேரத்திற்குள் எம்டன் உருக்குலைந்தது. முல்லர் அதைப் பவளப் பாறையில் ஏற்றி நிறுத்தினார். 130-க்கு மேற்பட்ட அவர் தோழர்கள் மடிந்தனர்.

பின்னர் மால்டாவில் சிறை, அங்கிருந்து இங்கிலாந்து. 1917-இல் சுரங்கம் தோண்டி இருபத்தொருவருடன் தப்பி மீண்டும் பிடிபட்டார். உடல்நலங் கெட்டமையால் 1918-இல் ஹாலந்துக்கு அனுப்பப்பட்டு, அவ்வருஷமே தாய்நாடு திரும்பினார். உயர்ந்த யுத்த விருதும் வந்தது. யுத்தத்திற்குப் பின் பிரன்ஸ்விக் ராஜ்யத்தின் சட்டசபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். எம்டனின் கதையை எழுதும்படி பலர் வேண்டியும் அவர் இசையவில்லை. தம் தோழர்கள் சிந்திய ரத்தத்தைப் பணமாக்குவதாகும் என்று அவர் கருதினார். 1923 மார்ச் 11-ந் தேதி, தமது ஐம்பதாவது வயதில், பிரன்ஸ்விக்கில் திடீரெனக் காலமானார்.