தமிழில் வைத்தியம் கற்பித்த கிறீன்

மானிப்பாயை அறிந்த அன்பர்கள் அங்குள்ள கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையையும் அறிவர். அப்பெயருக்கு உரியவரை எமது பிள்ளைகளுக்கு அறிமுகஞ் செய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822 ஆம் ஆண்டு அமெரிக்காவில், மசாசுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்தார். நியூயோர்க்கில் மருத்துவம் கற்று, 1847 இல் அமெரிக்க மிசன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டு மானிப்பாயில் பணியைத் தொடங்கினார். நோயாளரைப் பார்த்ததோடு நில்லாது, உள்ளூர் இளைஞர்களுக்கு மேனாட்டு வைத்தியத்தைக் கற்பிக்கவும் செய்தார். அவர் வந்தது கிறிஸ்தவ ஊழியத்துக்காக. சைவர்களாகிய நாம் அதனை மறைக்க வேண்டியதில்லை. அவர் செய்த நன்மையை மறக்கவும் வேண்டியதில்லை.

தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலம் அறியாத இளைஞருக்கு அங்கே இடமிருக்கவில்லை. கற்று வெளியேறியவர்களிற் பலரும் அரசாங்கச் சம்பளத்தை நாடி வேற்றூர் சென்றனர். கிராமத்து நோயாளிக்கு அக்கல்வியின் பயன் போய்ச் சேரவில்லை. எந்த மொழியிற் கற்பிக்கிறோம் என்பது, யார் கற்கலாம் என்பதையும், கற்றவர் யாருக்குப் பயன்படுவார் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறது என்பதைக் கிறீன் கண்டுகொண்டார். 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கலானார். தம் மாணவர் தமிழருடைய உடையையும் பழக்கவழக்கங்களையும் கைவிடலாகாது என்றும் விரும்பினார்.

கற்பிக்க நூல்கள் வேண்டுமே! தாமே தமிழைக் கற்று, தம் மாணவர்களையும் துணைக்கழைத்து மொழிபெயர்ப்பில் இறங்கினார். உடற்கூற்று நூலுக்கு எமது வைத்திய மரபில் வழங்கிய அங்காதிபாதம் என்ற சொல்லை எடுத்தாண்டார். தமிழிலும் வடமொழியிலும் பொருத்தமான சொல் கிடையாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசைவாக்கினார். அவருடைய இரசாயன நூலின் பெயர் கெமிஸ்தம். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் என்பன அவர் தந்த ஏனைய நூல்களிற் சில.

அவரிடம் பயின்று வைத்தியரானோர் 60 பேருக்கு மேல். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலேயே பயின்றவர்கள். 1873 இல் தாயகம் திரும்பிய பின்னும் மொழிபெயர்ப்பை அவர் விடவில்லை. 1884 இல் தமது 61 ஆவது வயதிற் காலமானார். தாம் தமிழருக்கு ஊழியஞ் செய்த வைத்தியர் என்பதைத் தமது கல்லறையிற் பொறிக்க வேண்டும் என்பதே அவரது விருப்பமாக இருந்தது.

இன்று புலம்பெயர்ந்த நாடுகளில், தமிழ் தேவாரத்துக்கும் பண்டிகைக்கும் போதும், விஞ்ஞானத்துக்கு உதவாது என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். பிள்ளை பள்ளியிற் கற்ற விஞ்ஞானப் பாடத்தை வீட்டில் அம்மம்மாவுக்கும் அப்பப்பாவுக்கும் தமிழில் விளக்கிச் சொல்லட்டும். சொல் தெரியாத இடத்தில் அவர்களும் சேர்ந்து தேடட்டும். கிறீனும் அவருடைய மாணவர்களும் மானிப்பாயில் செய்தது அதையேதான்.