ஃபுரோபேனியஸ்: ஒரு வினா வளர்த்த கணிதம்

ஜெர்மனியில் பெர்லின் நகரை அடுத்திருந்த சார்லட்டன்பர்க் என்னும் ஊரில், 1849ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் ஃபெர்டினாண்ட் ஜார்ஜ் ஃபுரோபேனியஸ் பிறந்தார். பெர்லின் பல்கலைக்கழகத்தில் வையர்ஸ்ட்ராஸ் என்னும் பேரறிஞரிடம் பயின்று, 1870இல் முனைவர் பட்டம் பெற்றார். சில காலம் பள்ளி ஆசிரியராக இருந்தார். 1875 முதல் பதினேழு ஆண்டுகள் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் கணிதம் கற்பித்தார். 1892இல் பெர்லின் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது.

அவர் பெயரை நிலைநிறுத்திய ஆராய்ச்சி நாற்பத்தாறாம் வயதில்தான் தொடங்கியது. 1896ஆம் ஆண்டு மார்ச் மாதம், தம்மினும் மூத்த கணித அறிஞரான ரிச்சர்ட் டெடெகிண்ட் அவருக்கு ஒரு மடல் எழுதினார். தாம் பல ஆண்டுகளுக்கு முன்பே எண்ணத் தொடங்கியும் முழுமையாகத் தீர்க்க இயலாத வினா ஒன்றை அம்மடல்வழிப் பகிர்ந்துகொண்டார்.

அவ்வினாவை ஒரு சமபக்க முக்கோண அட்டையைக் கொண்டு விளக்கலாம். அட்டையை அது இருந்த இடத்திலேயே மீண்டும் பொருந்துமாறு வைக்க ஆறு வழிகள் உண்டு. அசையாமல் விடுதல் ஒன்று, சுழற்றுதல் இரண்டு, சமச்சீர் கோட்டைப் பற்றிப் புரட்டுதல் மூன்று. கண்ணாடியில் தெரியும் உருவம்போல் இடவலம் மாறுவதால் புரட்டுதலை எதிரொளிப்பு என்பர். இவ்வாறு சேர்ந்தமையும் செயல்களின் தொகுதியே குலம் எனப்படும். ஆறு செயல்களுக்கும் ஆறு எழுத்துகளை இட்டு, எதற்குப்பின் எதைச் செய்தால் எது விளையும் என்னும் அட்டவணையை அணிக்கோவையாக எழுதலாம். அதனை விரித்தால் நீண்ட கோவை கிடைக்கும். அஃது எத்தகைய காரணிகளாகப் பிரியும் என்பதே வினா.

செயல்களை எவ்வரிசையில் செய்தாலும் விளைவு மாறாத குலங்களில், காரணிகள் அனைத்தும் ஒருபடிக் காரணிகளே என்பதை டெடெகிண்ட் அறிந்திருந்தார். முக்கோணத்திலோ வரிசை மாறினால் விளைவும் மாறும். அங்கு விடை எளிதாக இல்லை.

ஃபுரோபேனியஸ் அவ்வினாவில் முழுமையாக மூழ்கினார். விடாது முயன்று சில திங்களுக்குள் விடை கண்டார். முக்கோணத்தின் அணிக்கோவையில் மூன்று வகைக் காரணிகளே உள்ளன. முதலாவது, ஆறு எழுத்துகளின் கூடுதல். இரண்டாவது, அசையா நிலையையும் சுழற்சிகளையும் கூட்டி, அதிலிருந்து எதிரொளிப்புகளைக் கழித்தது. மூன்றாவது, தளத்தின் இரு பரிமாணங்களைக் காட்டும் இருபடிக் காரணி. அஃது இருமுறை வரும். அசையாமை, சுழற்சி, எதிரொளிப்பு எனச் செயல்களும் மூவகையே. காரணிகளின் வகை எண்ணிக்கை செயல்களின் வகை எண்ணிக்கைக்குச் சமம் என்றும், ஒவ்வொரு காரணியும் அதன் படி எவ்வளவோ அத்தனை முறை வரும் என்றும் அவர் எல்லாக் குலங்களுக்கும் பொதுவாக நிறுவினார்.

தம் கண்டுபிடிப்பை 1896இல் வெளியிட்டபோது, வினா டெடெகிண்ட் தந்தது என்பதை அவர் கட்டுரையிலேயே குறிப்பிட்டார். தீர்க்க இயலாததை மறைக்காமல் கொடுத்தவர் ஒருவர். பெற்றதை மறவாமல் உரைத்தவர் மற்றொருவர். இவ்விருவர் நேர்மையாலும் கணிதத்தில் ஒரு புதிய துறை பிறந்தது.

1917ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் ஃபுரோபேனியஸ் மறைந்தார். அவர் மாணவர் இஸ்ஸாய் ஷூர் அத்துறையை மேலும் வளர்த்தார். படிகங்களின் அமைப்பையும் மூலக்கூறுகளின் அதிர்வையும் ஆராயும் அறிவியலாளர்க்கு இன்று அது கருவியாக விளங்குகிறது.

பயிற்சி

1. முக்கோண அட்டையைப் பொருத்தி வைக்கும் ஆறு வழிகள் யாவை?
2. டெடெகிண்ட் தம் வினாவைப் பகிர்ந்ததால் விளைந்த நன்மை யாது?
3. பிரித்து எழுதுக: உலகறிந்த, அம்மடல், இவ்விருவர்.
4. சதுர அட்டை ஒன்றை வெட்டி, அதனைப் பொருத்தி வைக்க எத்தனை வழிகள் உண்டு எனக் கண்டறிந்து ஐந்து தொடர்களில் எழுதுக.