இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கைச் செய்த மம்பள்ளி பாபு: பிராந்திக்குப் பதில் அவர் ஊற்றியது என்ன?

டிசம்பர் பிறந்துவிட்டால் ஆபீஸில் பிளம் கேக் வாசனை வர ஆரம்பித்துவிடும். கடையில் வாங்கி வருபவர்கள் ஒரு பக்கம். வீட்டிலேயே செய்து, பட்டர் பேப்பரில் சுற்றி, ரிப்பன் கட்டி டீம் மொத்தத்துக்கும் கொடுப்பவர்கள் இன்னொரு பக்கம். கிறிஸ்துமஸுக்கு மட்டுமில்லை, பிறந்தநாளுக்கும் இப்போ பலர் கையால் செய்ததைத்தான் கொடுக்கிறார்கள்.

சரி, இந்த கேக் நம்ம நாட்டில் முதலில் எங்கே வெந்தது? வட கேரளத்தின் தலச்சேரியில், 1883 டிசம்பரில் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் பதில். ஆங்கிலேயர் வீட்டு அடுப்புகளில் அதற்கு முன்பே கேக் வெந்திருக்கும். ஆனால் ஓர் இந்தியர் தன் சொந்த பேக்கரியில் செய்த முதல் கிறிஸ்துமஸ் கேக் என்ற பெயர் மம்பள்ளி பாபுவின் கேக்குக்குத்தான். அவருக்கு அதுவரை கேக் செய்த அனுபவமே கிடையாது!

யார் இந்த பாபு?

தலச்சேரிக்காரரான பாபு, வியாபாரத்துக்காகப் பர்மா போனவர். பிஸ்கட் செய்யும் வித்தையை அங்கேதான் கற்றுக்கொண்டார். ஊர் திரும்பி, 1880-ல் தலச்சேரியில் ராயல் பிஸ்கட் ஃபேக்டரியைத் தொடங்கினார். பிஸ்கட், ரஸ்க், ரொட்டி, பன் என்று விதவிதமாகச் செய்து விற்றார்.

அந்தக் காலத்தில் பேக்கரி என்றாலே வெள்ளைக்காரர்களுக்கானது என்ற நினைப்பு இருந்தது. உள்ளூர் மக்களுக்கு ரொட்டியும் பிஸ்கட்டும் புதுசு. அவர்களை நம்பிக் கடை போட்டதே துணிச்சல்தான். ரொட்டி மாவு பொங்க ஈஸ்ட்டுக்குப் பதிலாக அவர் கள்ளைச் சேர்த்தார் என்று தலச்சேரியில் சொல்வார்கள். ஆப்ப மாவுக்குக் கள் ஊற்றும் ஊரில் இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

பிரவுன் கொண்டுவந்த கேக்

கடை திறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. 1883 நவம்பரில் பிரவுன் என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரர் கடைக்கு வந்தார். தலச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள அஞ்சரக்கண்டியில் இருந்த பெரிய இலவங்கப்பட்டைத் தோட்டம் அவர்களுடையது. இந்தக் கதையில் அவர் பெயர் மர்டாக் பிரவுன் என்றே வரும். ஆனால் அந்தத் தோட்டத்தோடு சேர்த்துப் பேசப்படும் முதல் மர்டாக் பிரவுன் 1828-லேயே இறந்துவிட்டார். அதனால் பாபுவின் கடைப்படி ஏறியவர் அதே குடும்பத்தின் பின்னாள் தலைமுறை ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

அங்கே நடந்ததை பாபுவின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறது. பிரவுன் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு பிளம் கேக்கைக் கொண்டுவந்தார். பாபுவைச் சுவைத்துப் பார்க்கச் சொன்னார். எப்படிச் செய்வது என்று சில நிமிடங்கள் விளக்கினார். கோகோ, உலர் திராட்சை, பேரீச்சை மாதிரியான பொருட்களையும் கொடுத்தார். கிறிஸ்துமஸுக்குள் இதே மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

பாபு கையில் எழுதிய ரெசிபி இல்லை. கேக் டின் இல்லை. பழக்கமும் இல்லை. சொதப்பினால் பெரிய வாடிக்கையாளர் போவார், மூன்று வருஷமாகச் சேர்த்த பெயரும் போகும். ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

உள்ளூர்ச் சரக்கில் வெந்த கேக்

முதலில் அச்சு. பக்கத்து ஊரான தர்மடத்தில் ஒரு கொல்லரைப் பிடித்து அடித்து வாங்கினார். அடுத்து மசாலா. மலபாரில் அதற்கா பஞ்சம்? சுற்றுவட்டார விவசாயிகளிடமே கிடைத்தது.

மிச்சம் இருந்தது பிராந்தி. மாஹேயிலிருந்து பிரெஞ்சு பிராந்தி வாங்கிச் சேர்க்கும்படி பிரவுன் சொல்லியிருந்தார். மாஹே அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது, தலச்சேரியிலிருந்து சில மைல் தூரம்தான். வாங்குவது கஷ்டமில்லை. ஆனால் பாபு அதைச் சேர்க்கவில்லை. முந்திரிப்பழமும் கதலி வாழைப்பழமும் சேர்த்து உள்ளூரில் தயாரித்த மதுவை ஊற்றினார்.

1883 டிசம்பர் 20-ம் தேதி கேக் பிரவுன் கைக்குப் போனது. சாப்பிட்டுப் பார்த்தவர் அசந்துபோய் இன்னும் ஒரு டஜன் கேக்குக்கு ஆர்டர் கொடுத்தார். இங்கிலாந்து கேக்கின் அச்சு அசலான நகல் இல்லை அது. மலபார் வாசனை ஏறிய வேறொரு கேக். அதுதான் ஜெயித்தது.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. முந்திரி மரம் இந்த மண்ணிலேயே பிறந்தது இல்லை. பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்து நட்டது. 300 வருஷத்துக்குள் அது உள்ளூர்ச் சரக்காகிவிட்டது. கேக்கும் அதே வழியில்தான் போனது.

பாபுவுக்குப் பிறகு

பாபுவின் தொழிலை அவருடைய மருமகன் வழியினர், அதாவது சகோதரி மகனின் குடும்பத்தினர், எடுத்து நடத்தினார்கள். வட கேரளத்தில் பல குடும்பங்களில் அப்போது தாய்வழிச் சொத்துரிமைதான் நடைமுறை. அடுத்தடுத்த தலைமுறையினர் திருவனந்தபுரம், கொச்சி, கோட்டயம் என்று பல ஊர்களில் வெவ்வேறு பெயர்களில் கடை திறந்தார்கள். மம்பள்ளி பெயரில் தலச்சேரியில் இன்றும் பேக்கரி உண்டு. கிரிக்கெட், சர்க்கஸ், கேக் என மூன்றும்தான் தலச்சேரியின் பெருமை என்று ஊர்க்காரர்கள் சொல்லும்போது, அதில் மூன்றாவது பாபு போட்ட பிள்ளையார் சுழி.

நீங்கள் செய்து கொடுக்கப் போகிறீர்களா?

பிளம் கேக் நல்ல பரிசாக இருப்பதற்குக் காரணம் அதன் ருசி மட்டுமில்லை. அது சீக்கிரம் கெடாது. உலர் பழங்களிலும் சர்க்கரையிலும் கிருமிகள் வளரத் தேவையான ஈரம் குறைவு. மதுவில் ஊறிய பழம் இன்னும் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் கிறிஸ்துமஸுக்குச் சில வாரம் முன்பே பழத்தை ஊறப்போடுகிறார்கள். மது வேண்டாம் என்றால் ஆரஞ்சு அல்லது திராட்சை ஜூஸில் ஊறவைக்கலாம். அப்படிச் செய்தால் பழத்தை ஃப்ரிட்ஜில் வைத்து ஊறவையுங்கள். கேக்கையும் ஃப்ரிட்ஜில் வைத்துச் சில நாட்களுக்குள் சாப்பிடச் சொல்லிக் கொடுங்கள்.

கேக் முழுசாக ஆறிய பிறகுதான் சுற்ற வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். டப்பா மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: செய்த தேதி, முட்டை, கோதுமை, முந்திரி, மது இருக்கிறதா என்ற விவரம். பேக் செய்தால் மது முழுக்க ஆவியாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை. கொஞ்சம் தங்கும். மதுவைத் தவிர்ப்பவருக்கும், நட்ஸ் அலர்ஜி உள்ளவருக்கும் இந்தச் சீட்டு ரொம்ப முக்கியம்.

பொருள் கிடைக்கவில்லையே என்று ஆன்லைனில் தேடி அலைய வேண்டாம். கேக்கை இருட்டு நிறமாக்கத் தனிப் பொடி எதுவும் தேவையில்லை, சர்க்கரையைக் கருக்கினால் போதும். கேரள பிளம் கேக்கின் நிறம் அதில்தான் வருகிறது. ஜாதிக்காயும் ஏலக்காயும் கிராம்பும் நம்ம அடுக்களை டப்பாவிலேயே இருக்கும். பிரவுனின் கேக்கைப் பார்த்துச் செய்த பாபுவும் மசாலாவுக்குத் தன் ஊரைத் தாண்டிப் போகவில்லை.