ஐடா ஸ்கடர் அம்மையார்

நோயாளிக்கு மருந்து தருபவர் மருத்துவர். அம்மருந்து பயன் தரும்வரை அருகிருந்து காப்பவர் செவிலியர். இவ்வுண்மையை நன்குணர்ந்து, மருத்துவமனை அமைத்ததோடு நில்லாமல், செவிலியரையும் உருவாக்கிய பெருமாட்டி ஐடா ஸ்கடர் அம்மையார் ஆவார்.

அம்மையார் 1870ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்க நாட்டினின்றும் வந்து தமிழ்நாட்டில் மருத்துவத் தொண்டு புரிந்த குடும்பம் அவருடையது. ஆயினும், இளமையில் அவருக்கு அத்தொண்டில் நாட்டமில்லை. அமெரிக்காவில் கல்வி பயின்ற அவர், 1890ஆம் ஆண்டினை ஒட்டி, நோயுற்ற தாயாரைப் பேணும்பொருட்டுத் திண்டிவனம் வந்திருந்தார். ஓரிரவு மூவர், ஒருவர்பின் ஒருவராக வந்து, பிள்ளைப்பேற்றில் துன்புறும் தம் மனைவியரைக் காக்குமாறு அவரை வேண்டினர். அவரோ மருத்துவம் அறியாதவர். தந்தையார் மருத்துவர்; எனினும், ஆடவர் மருத்துவம் செய்ய அம்மூவரும் இசையவில்லை. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். அந்நிகழ்ச்சி ஐடாவின் வாழ்வையே மாற்றியது.

அவர் மீண்டும் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1899இல் பட்டம் பெற்றார். 1900இல் வேலூருக்கு வந்து, ஒரு சிற்றறையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது.

மருத்துவமனையும் மருத்துவரும் இருந்தாற் போதுமா? நோயாளிகள் பலர் ஒருங்கே தங்கும் இடத்தில் கண்ணுக்குப் புலனாகாத பகை ஒன்று உண்டு. ஒருவர் புண்ணிலுள்ள கிருமி, கை வழியாகவும் துணி வழியாகவும் கருவி வழியாகவும் மற்றவர் உடலிற் புகும். வியன்னா நகர மருத்துவமனை ஒன்றில் பிள்ளை பெற்ற தாய்மார் பலர் காய்ச்சல் கண்டு மாண்டனர். 1847இல் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், குளோரின் கலந்த நீரில் கைகழுவிய பின்னரே அவர்களைத் தொடவேண்டும் என்று விதித்தார். சாவு பெரிதும் குறைந்தது. வல்ல மருத்துவர் மீட்ட உயிரையும் கழுவாத கை கவர்ந்துவிடும் என்பதை உலகம் மெல்ல உணர்ந்தது.

இப்பகையைத் தடுக்கும் காவலர் செவிலியரே. ஒவ்வொரு நோயாளியையும் தொடும் முன்னும் பின்னும் கைகழுவுதல், கருவிகளைக் கொதிநீராலோ நீராவியாலோ தூய்மை செய்தல், புண்ணுக்குத் தூய கட்டிடுதல், அழுக்குத் துணியை உடனே அகற்றுதல், தொற்றுநோய் கண்டவரைத் தனியே வைத்தல் ஆகியன அவர்தம் கடமைகள். இவற்றுள் ஒன்றும் கடினமன்று. ஒருவேளையும் தவறாமற் செய்வதே கடினம். அதற்குப் பயிற்சி வேண்டும்.

அந்நாளில் பிறர் புண்ணைக் கழுவுவதைப் பலர் இழிதொழிலாகக் கருதினர். பெண்களை அதற்கு அனுப்பத் தயங்கினர். அம்மையார் தளரவில்லை. 1909இல் வேலூரில் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை அவர் நிறுவியது 1918இல்தான். மருத்துவரை உருவாக்குவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே செவிலியரை உருவாக்கினார் என்பது எண்ணத்தக்கது. 1946இல் அச்செவிலியர் பள்ளி பட்டப்படிப்பு நடத்தும் கல்லூரியாக உயர்ந்தது.

அம்மையார் 1960ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் கோடைக்கானலில் மறைந்தார். வேலூர் போன்ற பெருநகராயினும், பிக்கட்டி போன்ற நீலகிரி மலையூராயினும், நோயாளியைச் சூழும் பகை ஒன்றே. அதனை வெல்லும் வழியும் ஒன்றே. மாணவர்களே, பிணியுற்றாரைக் காணச் செல்லும்போது நாமும் கைகழுவிச் செல்வோமாக. அதுவே அம்மையாருக்கு நாம் செய்யும் சிறந்த வணக்கம்.