ஆறா? எட்டா?

இயந்திரப் பொறியியல் படித்த நாள்களில், விடுதிக்கு எதிரே இருந்த மாமாக் கடைதான் எங்களுக்கு இரண்டாவது விரிவுரை மண்டபம். தே தாரேக் ஆறும்வரை அங்கே நாங்கள் பேசாத விஷயமே இல்லை. அவற்றுள் ஒன்று மட்டும் வாரந்தோறும் தவறாமல் திரும்பி வரும். விரைவு மகிழுந்துக்கு ஆறு சிலிண்டர் இயந்திரம் சிறந்ததா, எட்டு சிலிண்டர் இயந்திரம் சிறந்ததா? எங்களில் எவரிடமும் பழைய மோட்டார் சைக்கிளுக்கு மேல் எதுவும் இருந்ததில்லை என்பது வேறு கதை!

நான் ஆறின் கட்சி. ஒரே வரிசையில் நிற்கும் ஆறு சிலிண்டர்களில் பிஸ்டன்கள் ஏறி இறங்கும்போது எழும் விசைகள் ஒன்றையொன்று சரிசெய்துகொள்ளும். அதனால் இயந்திரம் பட்டுப்போல ஓடும். எட்டின் கட்சியினர் சும்மா இருப்பார்களா? நான்கு நான்காகப் பிரித்து ‘வி’ வடிவில் வைத்தால் இயந்திரத்தின் நீளம் குறையும். கிராங்க் தண்டும் குட்டையாகி உறுதிப்படும். இன்னும் வேகமாகச் சுழலும் என்பார்கள். கடைக்காரர் விளக்கை அணைக்கும்வரை முடிவு வராது.

இந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான், ஜோரா ஆர்கஸ்-டண்டோவ் என்ற மனிதரைச் சந்தித்தேன். நூலகத்தில்தான்! அவர் 1996ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார்.

அப்போது எனக்கு இறுதியாண்டு. ஒரு நிறுவனத்திற்கு வேலை கேட்டு எழுதிய கடிதம் என் புத்தகத்திற்குள் மூன்று வாரங்களாகக் கிடந்தது. என் புள்ளிகளுக்கு அவர்கள் திரும்பியும் பார்க்கமாட்டார்கள் என்ற அச்சம். அந்த மனநிலையில் படித்ததால்தானோ என்னவோ, இவருடைய வாழ்க்கை எனக்குள் ஆழமாக இறங்கியது.

1909ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில், ரஷ்ய யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். வளர்ந்தது ரஷ்யாவில், புரட்சியும் பஞ்சமும் சூழ்ந்த காலத்தில். தந்தை ஆர்கஸ், தாயின் இரண்டாம் துணைவர் டண்டோவ். இருவர் பெயரையும் சேர்த்தே தம் பெயராக்கிக்கொண்டார். பிறகு குடும்பம் பெர்லினுக்குப் பெயர்ந்தது. அங்கே 1934இல் பொறியியல் பட்டம் பெற்றார். அது ஹிட்லர் ஆட்சிக்கு வந்த மறு ஆண்டு என்பதைச் சொன்னால் போதும், மற்றதை நீங்களே ஊகிக்கலாம். பிரான்சுக்குச் சென்றார், போர் மூண்டதும் பிரெஞ்சு விமானப் படையில் சேர்ந்தார். பிரான்சும் வீழ்ந்தது. மனைவி எல்ஃபியுடனும் குடும்பத்துடனும் தப்பி, 1940இன் இறுதியில் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கினார். முப்பத்தொரு வயதுக்குள் எத்தனை நாடுகள், எத்தனை மொழிகள்!

புதிய நாட்டில் தம்பி யூராவுடன் சேர்ந்து ஆர்டன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஆர்கஸ், டண்டோவ் என்ற இரு பெயர்களின் தொடக்கமே ஆர்டன். அக்காலத்தில் ஃபோர்டின் எட்டு சிலிண்டர் இயந்திரம் அமெரிக்கா முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு குறை. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் இருந்தன. சூடான புகை, இயந்திரக் கட்டைக்குள் புகுந்து வெளியேற வேண்டியிருந்தது. பாரமேற்றி ஓடும்போது இயந்திரம் கொதிக்கும். சகோதரர்கள் வால்வுகளை மேலே வைத்து, அரைக்கோள வடிவ எரியறையோடு அலுமினியத் தலைப்பகுதி ஒன்றை வடிவமைத்தார்கள். அதே எட்டு சிலிண்டர், அதே இயந்திரக் கட்டை; ஆனால், சக்தி பெருமளவு கூடியது.

இந்தப் பக்கத்தைப் படித்தபோதே எங்கள் விவாதம் ஆட்டம் கண்டது. எட்டு இருந்தும் மூச்சுவிட வழியில்லை என்றால் எட்டால் என்ன பயன்?

போருக்குப் பின் நிறுவனம் நலிந்தது. டண்டோவ் இங்கிலாந்து சென்று ஆலார்டு நிறுவனத்தில் பணியாற்றினார். அவர்களுடைய மகிழுந்தில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்திலும் ஓட்டினார்.

1953 ஜனவரியில் நியூயார்க்கில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு கண்காட்சி நடத்தியது. செவ்ரலே கொர்வெட் அங்கேதான் முதன்முதலில் மக்கள் பார்வைக்கு வந்தது. கண்ணாடியிழையால் ஆன வெள்ளை உடல். பார்த்தவர் மயங்கும் அழகு. டண்டோவும் மயங்கினார். ஆனால், பொறியாளர் கண் மூடிக்குள்ளேயும் பார்க்குமல்லவா? உள்ளே இருந்தது குடும்ப மகிழுந்துக்கென உருவான 3.9 லிட்டர் ஆறு சிலிண்டர் இயந்திரம். மூன்று கார்புரேட்டர்களை மாட்டி 150 குதிரைத்திறனுக்கு உயர்த்தியிருந்தார்கள். கியரோ இரண்டே படிகள் கொண்ட தானியங்கி.

அவர் செவ்ரலேயின் தலைமைப் பொறியாளர் எட் கோலுக்கு ஒரு கடிதம் எழுதினார். வண்டியின் அழகைப் பாராட்டினார், தம் ஆய்வுக் கட்டுரை ஒன்றையும் இணைத்தார், வேலை கேட்டார். 1953 மே மாதம் பணியில் சேர்ந்தார். சேர்ந்த சில வாரங்களிலேயே, மேலதிகாரிக்கு விருப்பமில்லாதபோதும், மீண்டும் லெ மான் பந்தயத்திற்குப் பறந்துவிட்டார். அப்படியொரு ஆள்!

கொர்வெட்டின் நிலையோ பரிதாபம். 1953இல் 300 வண்டிகள் மட்டுமே செய்தார்கள். 1954இல் 3,640 செய்தார்கள்; அவற்றில் பல விற்காமல் தேங்கின. அதை மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்த நேரத்தில், ஃபோர்டு எட்டு சிலிண்டரோடு தண்டர்பேர்டை இறக்கியது.

1955இல் கொர்வெட்டுக்கும் எட்டு வந்தது. 4.3 லிட்டர், 195 குதிரைத்திறன். இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். அந்த இயந்திரம் டண்டோவின் படைப்பன்று. எட் கோல் தலைமையில் உருவானது. வியப்பு என்னவென்றால், அந்த எட்டு, பழைய ஆறைவிட எடை குறைவு. மெல்லிய வார்ப்பு, குட்டையான கட்டமைப்பு. எட்டு என்றால் கனம் என்று மேசை தட்டி வாதிட்ட எனக்கு, நூலகத்தில் உட்கார்ந்தபடியே வெட்கமாக இருந்தது.

டண்டோவ் செய்தது அதற்கு அடுத்த வேலை. 1953 டிசம்பரிலேயே மேலிடத்திற்கு ஓர் அறிக்கை அனுப்பியிருந்தார். வேகத்தை விரும்பும் இளைஞர்கள் ஏன் ஃபோர்டையே நாடுகிறார்கள், அவர்களை ஈர்க்க செவ்ரலே என்ன செய்யவேண்டும் என்பதே அதன் சாரம். பிறகு வால்வுகளைக் கூடுதல் நேரம் திறந்துவைக்கும் புதிய கேம் தண்டை வடிவமைத்து, 1956இல் டேட்டோனா கடற்கரையில் மணிக்கு 150 மைலுக்கு, அதாவது ஏறத்தாழ 241 கிலோமீட்டருக்கு, தாமே கொர்வெட்டை விரட்டிக் காட்டினார். அதே ஆண்டு சோதனை ஓட்டத்தில் முதுகெலும்பு முறிந்தது. தேறியதும் வேலைக்குத் திரும்பினார். 1957இல் எரிபொருள் உட்செலுத்தும் முறையோடு அந்த எட்டு 283 குதிரைத்திறனை எட்டியது.

இனி, எட்டின் கட்சியினர் துள்ள வேண்டாம்! இதே மனிதர் 1954, 1955 ஆண்டுகளில் லெ மானில் போர்ஷே ஓட்டித் தம் பிரிவில் வென்றார். அந்த வண்டியில் இருந்தது நான்கே சிலிண்டர், 1.1 லிட்டர்.

அவருடைய பெருங்கனவு நிறைவேறவில்லை. இயந்திரத்தை ஓட்டுநருக்குப் பின்னால், வண்டியின் நடுப்பகுதியில் வைக்கவேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடினார். மாதிரிகள் செய்து காட்டினார். நிறுவனம் இசையவில்லை. 1975இல் ஓய்வு பெற்றார். 2020 மாடல் கொர்வெட்டில்தான் இயந்திரம் நடுப்பகுதிக்கு வந்தது. கெண்டக்கியிலுள்ள கொர்வெட் அருங்காட்சியகத்தில் அவருடைய சாம்பல் வைக்கப்பட்டு அப்போது கால் நூற்றாண்டு நெருங்கிவிட்டது.

மறுவாரம் மாமாக் கடையில் ஆறா, எட்டா என்று கேட்டார்கள். எந்த வண்டிக்கு, என்ன எடைக்கு, எப்படி மூச்சுவிடும் இயந்திரம் என்று நான் திருப்பிக் கேட்டேன். கட்சி மாறிவிட்டான் என்று சிரித்தார்கள். மாறவில்லை, கேள்விதான் மாறியிருந்தது.

அந்தக் கடிதத்தையும் அனுப்பிவிட்டேன். அவர்கள் எனக்கு வேலை தரவில்லை. ஆனால், அடுத்த கடிதத்தை மூன்று வாரம் மடித்து வைக்கவில்லை. அதன்மூலம் கிடைத்த வேலையில்தான் பொறியாளனானேன்.

தம்பி தங்கைகளே, உங்கள் புத்தகங்களுக்குள்ளும் அப்படியொரு கடிதம் மடிந்து கிடந்தால், இன்றே எடுத்து அனுப்பிவிடுங்கள்.