மிருதங்கத்தின் ரகசியம் கண்ட ராமன்

மிருதங்கத்துக்கு இரண்டு முகம். வலந்தலை கணீரென்று பேசும். தொப்பி என்னும் இடந்தலை 'தொம்' என்று முழங்கும். இரண்டும் இசைந்தால்தான் கச்சேரி களைகட்டும். இந்தத் தோற்கருவியின் ரகசியத்தை ஆராய்ந்து உலகத்துக்குச் சொன்னவர் ஒரு தமிழர். அவர்தான் சர் சி. வி. ராமன்.

1888 நவம்பர் 7-ந் தேதி திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர் கல்லூரி ஆசிரியர். ராமன் 11 வயதிலேயே மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் இசை ஒலியைப் பற்றி எழுதிய நூல் மாணவப் பருவத்திலேயே அவர் மனத்தைப் பிடித்துக்கொண்டது.

ஆனால் விஞ்ஞானம் அக்காலத்தில் சோறு போடாது. 1907-ல் நிதித்துறைப் பரீட்சையில் முதலாவதாகத் தேறிக் கல்கத்தாவில் சர்க்கார் உத்தியோகத்தில் அமர்ந்தார். அதே ஆண்டில் திருமணம். மனைவி லோகசுந்தரி வீணை வாசிப்பவர்.

பகலெல்லாம் கணக்கு வேலை. காலையும் மாலையும் பௌபஜார் தெரு விஞ்ஞான சங்கத்தில் ஆராய்ச்சி. இப்படியே பத்து ஆண்டுகள் ஓடின. 1917-ல் கல்கத்தா சர்வகலாசாலை பேராசிரியர் பதவி தந்தது. சம்பளமோ குறைவு. பெரிய உத்தியோகத்தை உதறிவிட்டு அந்தப் பதவியை ஏற்றார். எத்தனை பேருக்கு இந்தத் துணிவு வரும்!

முரசு வெறும் ஓசைக் கருவி என்பது மேல்நாட்டார் எண்ணம். அதற்குக் காரணம் உண்டு. தோலைத் தட்டினால் ஓர் ஒலி மட்டும் எழுவதில்லை. கூடவே பல துணை ஒலிகளும் எழும். சாதாரண முரசில் அவை ஒன்றோடொன்று சேராது. மிருதங்கத்தின் வலந்தலையில் அவை சேருகின்றன! முதல் ஒலியைப் போல 2, 3, 4, 5 மடங்காக வரிசையில் நிற்கின்றன. நடுவில் அப்பியிருக்கும் கரிய கரணையின் கனமே இதற்குக் காரணம் என்று 1920-ல் ராமன் எழுதினார். ஒளி ஆராய்ச்சிக்காக 1930-ல் நோபல் பரிசு பெற்ற பிறகும் மிருதங்கத்தை அவர் மறக்கவில்லை. தோலின்மேல் மணலைத் தூவி, அது எங்கே ஒதுங்குகிறது என்று பார்த்து, 1934-ல் விரிவாக எழுதினார். கல்பொடியையும் சோற்றையும் குழைத்து, காதையே கருவியாகக் கொண்டு இதைச் செய்துவைத்த பழைய தொழிலாளிகளின் பெயர் நமக்குத் தெரியாது.

தொப்பியில் வேறு வித்தை. கச்சேரிக்கு முன் ஈர ரவையை அதன் நடுவில் அப்புவார்கள். கனம் ஏறினால் சுருதி இறங்கும். அதிகம் அப்பினால் ஒலி மந்தமாகும். குறைந்தால் முழக்கம் வராது.

இதே பொருத்தம் இன்று வத்திராயிருப்பில் பாட்டுக் கேட்கும் வீட்டிலும் வேண்டியிருக்கிறது. அலமாரியில் இரண்டு சின்ன ஸ்பீக்கர் பெட்டிகள். அவை வலந்தலையைச் சொல்லும், தொப்பியைச் சொல்லாது. நாலைந்து அங்குல வட்டம் ஆழ்ந்த ஒலிக்கு வேண்டிய காற்றைத் தள்ளமுடியாது. அதற்காகத்தான் சப்வூஃபர் என்னும் பெரிய பெட்டி. சின்னது எங்கே ஓய்கிறதோ, பெரியது அங்கே தொடங்கவேண்டும். வினாடிக்கு 80 அதிர்வு என்பது பலர் வைக்கும் எல்லை. அந்த ஒலியின் அலை 14 அடி நீளம். எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குச் சுலபத்தில் புலப்படாது. ஆகையால் பெட்டியைத் தரையில் வசதியான இடத்தில் வைக்கலாம். மூலையில் வைத்தால் முழக்கம் கூடும். அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 'ஃபேஸ்' திருகு இருந்தால் இருபுறமும் மாற்றிப் பார்த்து, 'தொம்' எதில் நிறைவாகக் கேட்கிறதோ அதில் விடலாம். பெரிய பெட்டி தனியாகக் காதில் பட்டால் ரவை அதிகம் என்று பொருள்!

1970 நவம்பர் 21-ந் தேதி பெங்களூரில், தாம் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில் ராமன் காலமானார். அதன் தோட்டத்திலேயே தகனம் நடந்தது. அந்த இடத்தில் ஒரு மரம் நட்டார்கள்.