மயில்மீது அடங்கிய குரல்

சிவகாசி என்றதும் பிறர் நினைவுக்கு வருபவை பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம். மூன்றும் எங்கள் கந்தக மண்ணின் உழைப்புக்குச் சான்றுகள். ஆயினும், இம்மாவட்டத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில், இவ்வூரின் பெயரோடு ஒரு குரலையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். அது நாடகக் கலைஞர் தியாகி விசுவநாததாஸின் குரல்.

அவர் 1886ஆம் ஆண்டு சிவகாசியில், முடிதிருத்தும் தொழிலோடு பிணைத்து ஒதுக்கப்பட்ட மருத்துவர் சமூகத்தில் பிறந்தார். பின்னாளில் திருமங்கலம் அவருடைய வாழ்விடமாயிற்று. இளமையிலேயே மேடையேறிய அவர், வள்ளி திருமணத்தில் முருகனாகத் தோன்றிப் பெரும்புகழ் பெற்றார்.

அவர் கலையின் வலிமையை அறிய, ஸ்பெஷல் நாடகத்தின் இயல்பை அறிய வேண்டும். வெவ்வேறு ஊர்க் கலைஞர்கள் ஒப்பந்தத்தின் பேரில் ஓர் ஊரில் கூடி, ஒத்திகையின்றியே விடிய விடிய நடிப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்த கதையும் பாடலும் அடித்தளமாக இருக்கும். அதன்மேல் அன்றைய மேடைக்கேற்ற தர்க்கமும் புதுப்பாட்டும் எழும். மேடையோரத்து ஆர்மோனியமும் மிருதங்கமும் பாடகரின் போக்கை அறிந்து பின்தொடரும். எழுத்தறியாத உழவருக்கும் கூலித் தொழிலாளருக்கும் அதுவே இசையரங்கு, அதுவே செய்தித்தாளும்.

இந்த நெகிழ்வையே விசுவநாததாஸ் விடுதலைப் போருக்குப் பயன்படுத்தினார். மதுரகவி பாஸ்கரதாஸின் தேசியப் பாடல்களைப் புராண நாடகங்களுக்கு இடையே பாடினார். வள்ளி கதையில் தினைப்புனம் காத்துப் பறவை விரட்டும் காட்சி உண்டு. அங்கே வெள்ளைக் கொக்கைப் பற்றிய பாட்டு எழுந்தால், விரட்டப்படுவது எந்தக் கொக்கு என்பது கூட்டத்துக்கு விளங்கிவிடும். காவலருக்கும் விளங்கியது. நாடகங்களைத் தடை செய்ய 1876ஆம் ஆண்டிலேயே அரசு சட்டம் இயற்றியிருந்தது. ஆனால் எழுத்தில் இருக்கும் வசனத்தை அடித்துவிடலாம். பாடகரின் நாவில் அக்கணம் பிறக்கும் பாட்டை எப்படி அடிப்பது? ஆகவே பாடியவரையே கைது செய்தார்கள். பலமுறை சிறை சென்றார். மீண்டு வந்து மீண்டும் பாடினார்.

அரசு மட்டுமே அவரை எதிர்க்கவில்லை. பிறப்பைக் காரணம் காட்டி அவருடன் இணைந்து நடிக்க மறுத்த நடிகையரும் இருந்தனர். வேடத்தில் அவரை முருகனாகக் கண்டு கைகூப்பிய சமூகம், வேடம் கலைந்ததும் அவர் சாதியைத் தேடியது. விடுதலை வரலாற்றை எழுதும்போது இந்தப் பக்கத்தை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். அந்நிய ஆட்சி அவருக்குத் தந்த தண்டனைக்கு ஒரு கால எல்லை இருந்தது; நம்மவர் தந்ததற்கு அது இல்லை.

1940ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்று, சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம் நடந்தது. முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 54.

அதே ஆண்டு மார்ச் மாதத்தில்தான், அவருடைய மேடைகளுக்கெல்லாம் துணைநின்ற ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி விலக்கி வைத்தது. நம் இசையின் நுட்பத்துக்கு அது பொருந்தாது என்பது காரணம். அந்த விலக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. உலகின் மறுகோடியில், அர்ஜென்டினாவில், ஆர்மோனியத்தைப் போலவே துருத்திக் காற்றில் ஒலிக்கும் இன்னொரு கருவிக்கு வேறு விதி வாய்த்தது. ஜெர்மனியில் பிறந்த பாண்டோனியன், புவனஸ் அயர்ஸ் நகரின் எளிய மக்கள் வளர்த்த டாங்கோ இசையின் உயிராகி, பெரும் இசைக்குழுக்களின் நடுவே அமர்ந்தது. அத்தகைய குழு ஒன்றின் தலைவர் ஓஸ்வால்டோ புக்லியேசே. பொதுவுடைமையாளரான அவர் சிறைப்பட்ட நாள்களில், அவருடைய பியானோமீது சிவப்புக் கார்னேஷன் மலர் ஒன்றை வைத்துவிட்டுக் குழுவினர் வாசித்தார்கள். இல்லாதவரின் இடத்தை ரசிகர்கள் மறவாதபடி அந்த மலர் பார்த்துக்கொண்டது.

விசுவநாததாஸுக்கு நாம் வைத்த மலர் எது? திருமங்கலத்தில் அரசின் நினைவு இல்லம் இருக்கிறது, அது நன்று. ஆனால் தியாகி என்ற பட்டத்துக்குள் இசைக் கலைஞர் மறைந்துவிட்டார். அவர் பாடிய முறையும் அவருக்குப் பின்னே வாசித்தவர்களின் திறமும் இசைக் கல்லூரிகளில் பாடமாக வேண்டும். பங்குனியிலும் சித்திரையிலும் எங்கள் பக்கத்துக் கோயில் திடல்களில் இன்றும் வள்ளி திருமணம் நடத்தும் கலைஞர்களுக்கு முறையான ஊதியமும் முதுமைக்காலப் பாதுகாப்பும் வேண்டும். சிவகாசிப் பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த நாடகத்தைக் காண வேண்டும். முருகனாக நின்றவர் யார், அவரோடு நிற்க மறுத்தது எது என்ற இரண்டையும் அவர்களுக்கு ஒருசேரச் சொல்ல வேண்டும்.